அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. 2003 முதல் 2011 வரை என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். உங்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று பல வருடமாகப் பாக்கி இருக்கிறது. மற்றவர்கள் காப்பி ஆறுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு படித்தால் போதும்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பழைய மாணவி போனில் கூப்பிட்டாள். சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கம்பெனி கொடுத்த லேப்டாப்போடு கோபிச்செட்டிபாளையம் பக்கம் தன் ஊருக்குப் போனவள், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் வந்து போய்க்கொண்டிருந்தாள். இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். "திங்கக்கிழமை பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கணுங்க சார். என்னோடது எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னாள்.

எனக்குத் திக்கென்றது. அவளுடைய அப்பா உடுக்கையடித்து அண்ணன்மார் சாமி கதை பாடுகிறவர். ஊரடங்கில் நோம்பி, கோயில் விசேஷம் எதுவும் இல்லாமல் அவர் வீட்டோடு முடங்கிக் கிடந்தபோது, திண்ணையில் உட்கார வைத்து, பொன்னர் சங்கர் கதையை ஆரம்பத்திலிருந்து பாடச் சொல்லி இவள் பதிவு செய்தாள். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்பா பாட்டை எங்க கண்ணு வெச்சிருக்கே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அதுவும் அதுலதாங்க சார் இருந்துச்சு. போன்ல ஒரு காப்பி இருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றாள். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் காப்பாற்ற நினைத்தது ஒரு நிமிடத்தில் போய்விட்டது. நான் ஒருகாலத்தில் அழிக்க நினைத்தது அழியாமல் நின்று ஒரு குடும்பத்தில் நெருப்பு வைத்தது. அந்தக் கதைக்கு வருகிறேன். முப்பத்துமூன்று வருடம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன், நேராக விஷயத்துக்கு வரமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் அப்புச்சி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்தவர். எழுதியதை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. தப்பாக எழுதிய பையனுடைய தப்பு அந்த நிமிடத்தோடு சரி. இந்த மணல் எழுத்துக்கு உலக சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தருவதையும் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் வருகிற விஷயம். நான் எப்போதும் ஒரு பீரியட் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு மணல் இல்லை, சிலேட்டு. வேலியோரத்தில் படர்ந்த கோவைக்கொடியின் இலையைப் பறித்துத் தேய்த்தால் சிலேட்டு கறுகறுவென்று ஆகும். எச்சில் தொட்டு அழித்தால் அடி விழும். சிலேட்டில் எழுதியதும் அழிந்தால் அழிந்ததுதான், எவனாலும் மீட்க முடியாது.

ஓலை அப்படியில்லை. எழுத்தாணியால் கீறியதை அழிக்க வழியே கிடையாது. தப்பு வந்தால் அந்த எழுத்தின்மேல் அடித்துக் குறி போட்டுவிட்டு மேலே போவார்கள். தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும். ஆனால் ஓலைக்கு ஆயுள் உண்டு. செல்லரிக்கும், ஓரம் முறியும். அதனால் சில தலைமுறைக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதுவார்கள். எழுதி முடித்த பிறகு பழைய ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவார்கள். பவானி கூடுதுறையில் முளைப்பாரி விடுகிற மாதிரி, மரியாதையோடு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலில் படி எடுப்பது, பிறகு ஆற்றில் விடுவது. காலம் மாறி, வீட்டில் ஏடு படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனபோது, படி எடுக்கிற வேலை நின்றுபோயிற்று. ஆற்றில் விடுகிற வேலை மட்டும் நிற்கவில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் போன இடங்களில், ஆற்றில் போன சுவடிகளையும் தீயில் போன சுவடிகளையும் பற்றிக் கேள்விப்பட்டு மனம் நொந்து எழுதியிருக்கிறார். சடங்கின் முதல் பாதி மறந்து இரண்டாம் பாதி மட்டும் மிஞ்சினால் இப்படித்தான் ஆகும். என் மாணவி வெள்ளிக்கிழமை செய்ததும் அதேதான்.

கல்லில் எழுதியவர்கள் இன்னும் ஜாக்கிரதையானவர்கள். பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம் போனபோது, கொள்ளிடக்கரையில் இருக்கும் திருமழபாடிக்கும் உங்களில் சிலரை இழுத்துக்கொண்டு போனேன். வெயிலில் எல்லோரும் முகத்தைச் சுளித்தது நினைவிருக்கிறது. அங்கே வைத்தியநாதர் கோயிலில் ஒரு கல்வெட்டு. முதலாம் ராஜராஜனின் 28-ஆம் ஆட்சியாண்டில், பழைய விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உத்தரவாகிறது. இடிப்பதற்கு முன்னால், சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொல்கிறான். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், யார் விளக்குக்கு ஆடு விட்டார் என்கிற கணக்கெல்லாம் அந்தச் சுவரில்தானே இருக்கிறது! பிறகு கோயில் எழும்பி, அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கல்லில் வெட்டுகிறார்கள். நடுவில் ஏறத்தாழ பதின்மூன்று வருடம். அவ்வளவு காலம் அந்தப் படியை ஒருவர் பத்திரமாக வைத்திருந்து, எங்கே வைத்தோம் என்பதையும் மறக்காமல் இருந்திருக்கிறார். என் பென் டிரைவ் பதின்மூன்று நாள் தங்குவதில்லை.

திருக்கோடிகாவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக மாற்றிக் கட்டியபோதும் இதே மாதிரி பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். அப்படி வெட்டியதற்குப் 'பழங்கற்படி' என்று குறிப்பும் போட்டார்கள். இது மூலம் இல்லை, படி என்று படிப்பவனுக்குச் சொல்லிவிடுகிற நேர்மை.

செப்பேட்டில் நடந்ததும் சுவாரசியம். செம்பு விலை அதிகம். பழைய பட்டயத்தைத் தட்டிச் சமமாக்கி, அதன்மேலேயே புதுப் பட்டயம் எழுதுவது இந்தியா முழுக்க நடந்திருக்கிறது. சரியாகத் தட்டாத இடங்களில் பழைய எழுத்து புது எழுத்துக்குக் கீழே மங்கலாகத் தெரியும். ஐரோப்பாவில் தோலில் எழுதிய புத்தகங்களுக்கும் இதே கதை. ஆர்க்கிமிடீஸின் நூலைச் சுரண்டிவிட்டு 13-ஆம் நூற்றாண்டில் அதன்மேல் பிரார்த்தனை எழுதினார்கள். 1906-ல் ஹைபர்க் என்ற அறிஞர் அந்தப் பிரார்த்தனைக்கு அடியில் ஆர்க்கிமிடீஸைப் படித்தார். நூறு வருடம் கழித்து விதவிதமான ஒளியில் படம் பிடித்து, அவர் படிக்க முடியாமல் விட்டதையும் படித்துவிட்டார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் அதுதான். 1985-லிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ.சுப்பராயலு போன்றவர்களும், பிற்பாடு கா.ராஜனும் அங்கே தோண்டினார்கள். கல்மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை இவற்றோடு, தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆதன் என்று ஒரு பெயர் அதில் அடிக்கடி வரும். பானை தன்னுடையது என்று காட்டப் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். பானை உடைந்தது, தூக்கி எறிந்தான். எறியும்போது பெயரை யாராவது சுரண்டிவிட்டு எறிவார்களா? இரண்டாயிரம் வருடம் கழித்துப் பெருந்துறைப் பஸ்ஸைப் பிடித்து வந்து ஒரு வாத்தியார் தன் பேரைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டுவான் என்று ஆதனுக்கு எப்படித் தெரியும்? ஆதனுக்கு நட்டமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் மறுநாளே அந்த ஓட்டை எடுத்துப் படித்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைக்கு நம் பிரச்சினை.

இப்போது கம்ப்யூட்டர். வட்டத்தட்டில் காந்தமாக எழுதிவைக்கிற முறையை 1956-ல் ஐபிஎம் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டு, எல்லாம் சேர்ந்து இன்றைய போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோ கொள்ளும் அளவு. அன்றிலிருந்து தட்டு சின்னதாயிற்று, கொள்ளளவு பெருகிற்று. ஆனால் 'டெலீட்' என்ற வார்த்தைக்கு நாம் நினைத்த அர்த்தமும் கம்ப்யூட்டர் நினைத்த அர்த்தமும் கடைசிவரை ஒன்றாகவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை அழிப்பது என்பது, சிட்டாவில் ஒருத்தர் பெயரை அடிப்பது மாதிரி. காட்டில் அவர் விதைத்த சோளம் அப்படியே நிற்கும். இந்தக் காடு இனிமேல் காலி, யார் வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று குறிப்பு மட்டும் எழுதியாகிவிட்டது. வேறொருத்தர் வந்து உழவு ஓட்டுகிற வரைக்கும் சோளம் நிற்கும். காட்டைச் சுற்றி வந்து பார்க்கிறவனுக்கு அது கண்ணில் படும். சிட்டாவை மட்டும் பார்க்கிறவனுக்குத்தான் படாது.

பழைய டாஸ் காலத்தில் இது இன்னும் வெளிப்படை. ஒரு கோப்பை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குறியைப் போடும், அவ்வளவுதான். 1982-ல் பீட்டர் நார்ட்டன் என்பவர் அழித்ததை மீட்டுத் தரும் நிரலை விற்க ஆரம்பித்தார், அதில்தான் அவர் பெயர் வாங்கினார். 1991-ல் வந்த டாஸ் ஐந்தாம் பதிப்பிலேயே மீட்கும் கட்டளை கூடவே வந்தது. அதைப் போட்டால், போன கோப்பின் முதல் எழுத்து என்ன என்று நம்மையே கேட்கும். மீதி எல்லாம் அதற்குத் தெரியும், முதல் எழுத்துதான் தெரியாது. நாம் அதைச் சொன்னால் கோப்பு வந்து நிற்கும். 1995-ல் விண்டோஸில் குப்பைத்தொட்டிப் படம் வந்த பிறகு ஜனங்களுக்கு ஏமாற்றம் இன்னும் அதிகமாயிற்று. குப்பைத்தொட்டி காலியாகத் தெரிந்தால் குப்பை எரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இருவர், பழைய ஹார்ட் டிஸ்க் 158 விலைக்கு வாங்கினார்கள். அதில் வேலை செய்த 129-ஐப் படித்துப் பார்த்து 2003-ல் கட்டுரை எழுதினார்கள். ஒழுங்காகத் துடைத்திருந்தது 12 மட்டும். மிச்சத்தில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதல் கடிதங்கள். ஒன்று ஏதோ ஓர் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்து கழற்றியது, வாடிக்கையாளர் கணக்கு எண்களோடு. இவர்கள் திருடர்கள் இல்லை, படிக்கிற பையன்கள். திருடன் வாங்கியிருந்தால் கட்டுரை எழுதியிருக்கமாட்டான்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற முதலீட்டு நிறுவனம், பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டும் வேலையை, அந்தத் தொழில் தெரியாத, சாமான் இடம் மாற்றுகிற ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு டிஸ்க்குகள் இணைய ஏலத்துக்குப் போய்விட்டன. 2022-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர். காகிதக் காலத்திலும் இதே கதைதான். 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாக ரகசியக் காகிதங்களை இயந்திரத்தில் கொடுத்து நாடா நாடாவாக வெட்டினார்கள். ஈரானியர்கள் கம்பளம் நெய்கிறவர்களைக் கொண்டு அந்த நாடாக்களை ஒட்டவைத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். நம் சென்னிமலைத் தறிக்காரர்களிடம் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்பார்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

மறுபக்கம் பயமும் இருந்தது. 1996-ல் நியூசிலாந்தின் பீட்டர் குட்மன், அன்றைய டிஸ்க் வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, மேலே மேலே 35 தடவை எழுதி அழிக்கிற முறை ஒன்றைச் சொன்னார். ஜனங்கள் அதை ஒரு மந்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள். பேய் ஓட்டுகிற மந்திரம் மாதிரி 35 தடவை சொல்கிறார்களே என்று அவரே பிறகு கிண்டலாக எழுதினார். சுழலும் தட்டு உள்ள இந்தக்கால டிஸ்க்குக்கு, முழுவதும் ஒரு தடவை ஒழுங்காக மேலெழுதினால் போதும் என்பதுதான் இன்றைய கருத்து. ஒரு தடவை முழுசாக உழுதுவிடுங்கள், அவ்வளவுதான்.

இனி 2012-க்கு வருகிறேன்.

2003-ல் கடன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பள்ளியில் எங்களுக்கென்று ஒன்று இல்லாத காலம். மதிப்பெண் பட்டியல், வகுப்பு போட்டோ, சுற்றுலாக் கணக்கு எல்லாம் அதில் ஏற்றினேன். அதோடு நிற்கவில்லை. உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு வைத்திருந்தேன். அப்பா என்ன வேலை, வருமானம் எவ்வளவு, வீட்டில் யார் குடிக்கிறார், யாருக்குச் சாப்பாட்டுக்கே கஷ்டம், எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், யாருக்கு யார் பணம் கட்டினார்கள். அடுத்த வருடம் வருகிற ஆசிரியருக்குச் சொல்லவேண்டும், மறந்துவிடக் கூடாது என்ற எண்ணம். நல்லெண்ணம்தான். எழுதியது நல்லெண்ணத்தோடு என்பதால் பத்திரமாக இருக்கும் என்று ஒரு மூடநம்பிக்கை எனக்கு.

2012 போகியன்று வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கம்ப்யூட்டரையும் கழித்துவிடுவது என்று முடிவாயிற்று. நூறடி ரோட்டில் ஒரு கடையில் எடுத்துக்கொண்டு, புதுசில் 1,500 ரூபாய் குறைத்தார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் டெலீட் செய்தேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். பக்கத்து வீட்டுப் பையன் சொல்லி 'குயிக் ஃபார்மட்' என்பதையும் அழுத்தினேன். சிட்டாவையே கிழித்துப் போட்டாயிற்று என்று திருப்தி. காட்டில் சோளம் அப்படியே நின்றது.

அந்த டிஸ்க் கைமாறி, ஒரு பாலிடெக்னிக் பையனிடம் போயிருக்கிறது. அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் பழகிப் பார்க்க அதில் ஓட்டியிருக்கிறான். எல்லாம் வந்துவிட்டது. கெட்ட பையன் இல்லை. ஆனால் அவன் ஊர், என் மாணவன் ஒருவனுடைய பக்கத்து ஊர். தெரிந்த பெயரைப் பார்த்ததும் திறந்து படித்திருக்கிறான், நாம் யாராக இருந்தாலும் படித்திருப்போம். அதில் நான் எழுதியிருந்தது ஒரு வரி: பெரியப்பா பணம் கட்டினார், அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

அண்ணன் தம்பி இருவருக்கும் வரப்புத் தகராறு, கோர்ட்டு வரை போனது. பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி மகன் படிப்பு நிற்கக் கூடாது என்று அந்தப் பெரியவர் என்னிடம் ராத்திரியில் வந்து பணத்தைக் கொடுத்து, நீங்கள் கட்டியதாகவே இருக்கட்டும் வாத்தியாரே என்றார். அந்த வரி டீக்கடை வழியாக ஊருக்குள் போயிற்று. அப்பன்காரர் அண்ணன் வாசலில் போய்ப் பணத்தை வீசி எறிந்து, சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பையனுக்குப் பெரியப்பா வீட்டுப் படி ஏறக் கூடாது என்று கட்டளை. இரண்டு வருடத்தில் அந்தப் பெரியவர் இறந்தபோது, எழவுக்குக்கூட அவன் போகவில்லை. விடவில்லை.

அவன் என் வீட்டுக்கு வந்தான். கோபப்படவில்லை. "உதவி பண்ணுனீங்க, சரிங்க சார். அதை எதுக்குங்க எழுதி வெச்சீங்க?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். இந்தப் பதிவை அவனுக்கு முதலில் அனுப்பி, அவன் சரி என்ற பிறகுதான் போடுகிறேன். யார் என்று ஊகிக்க முயலாதீர்கள்.

பாலிடெக்னிக் பையன் விஷயம் முற்றியதும் பயந்துபோய் டிஸ்க்கை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தான். "எங்கிட்ட இருந்த காப்பியை டெலீட் பண்ணிட்டேன் சார்" என்றான். அந்த வார்த்தையை நான் எந்த அளவு நம்புவது? வாங்கி பீரோவில் வைத்தேன்.

உங்களில் 2003 முதல் 2011 வரை படித்த எல்லோருடைய குறிப்பும் அதில் இருந்தது. வேறு யாருக்காவது, எனக்குத் தெரியாமல், ஏதாவது தொந்தரவு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் அது என்னால் வந்தது. மன்னித்துவிடுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நாடாளுமன்றத்தில் சட்டமே வந்துவிட்டது, என் தகவலை அழித்துவிடு என்று கேட்கிற உரிமை அதில் இருக்கிறது. உங்களுக்கு என்னிடம் கேட்கவேண்டும் என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் எழுதி வைத்திருக்கிறேன் என்றே தெரியாது.

மாணவி சனிக்கிழமை காலையில் கூப்பிட்டாள். பதினோரு பதிவில் ஒன்பது குப்பைத்தொட்டியிலேயே இருந்திருக்கிறது, மீட்டுவிட்டாள். கம்பெனி ஆட்களிடம் கேட்டு, அனுமதியோடு தன் வெளி டிஸ்க்கில் ஏற்றி, இன்னொரு படி அக்கா வீட்டிலும் கொடுத்துவிட்டாள். மீதி இரண்டை ஷிப்ட் விசையை அழுத்தி நேராக அழித்திருக்கிறாள். என் பழைய டிஸ்க் மாதிரி மீட்கலாமே என்று கேட்டேன். முடியாதாம். இப்போதைய லேப்டாப்பில் சுழலும் தட்டு கிடையாது, எஸ்எஸ்டி என்கிற சில்லு. அழித்த இடத்தை அதுவே பின்னால் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். இந்தக் கூலியாள் சொல்லாமலே உழுதுவிடுகிறான். ஆனால் அதையும் முழுக்க நம்ப முடியாது. நாம் மேலே எழுதினாலும் அது வேறு இடத்தில் எழுதிக்கொண்டு பழையதை ஒரு மூலையில் வைத்திருக்கக்கூடும் என்று கலிபோர்னியாவில் சான் டியாகோ பல்கலைக்கழகத்தார் 2011-லேயே சோதித்துச் சொன்னார்கள். அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்தே பூட்டுக் குறியீட்டில் எழுதிவிட்டு, அழிக்கவேண்டிய நாளில் சாவியைக் கிணற்றில் போடுகிற முறை.

கம்பெனி லேப்டாப்பை அவளாகவே ஃபார்மட் செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்களாம். வேலை சம்பந்தப்பட்டது அவர்கள் சொத்து, அதைத் துடைத்தால் வேறு வம்பு. அவளுடையதை மட்டும் எடுக்கவேண்டும். எதையெல்லாம் எடுத்தாய் என்று கேட்டேன். டவுன்லோடு பகுதியில் வீட்டில் எல்லோருடைய ஆதார், பான் நகலும் ஐந்து வருடமாகக் கிடந்திருக்கிறது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், கூகுள் கணக்கு, விட்ட இடத்தில் திறந்தே கிடந்த வாட்ஸ்அப். எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்து, போனிலும் அந்தக் கணினியின் இணைப்பைத் துண்டித்து, கடவுச்சொல்லை மாற்றி, கடைசியில் கம்பெனி தன் பங்குக்கு முழுசாகத் துடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டாள். சொந்த லேப்டாப்பை விற்கிறவர்கள் விண்டோஸில் 'ரீசெட்' போடும்போது தரவையும் சுத்தம் செய் என்கிற தேர்வைச் சேர்த்துக் கொடுங்கள். சும்மா ரீசெட் என்றால் அது என் குயிக் ஃபார்மட்டுக்கு அக்கா தங்கை.

திங்கட்கிழமை நானும் பீரோவைத் திறந்தேன். மாணவி சொன்ன ஒரு பையன் வந்து, டிஸ்க்கிலிருந்து வகுப்பு போட்டோக்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தான். வேறெதற்கும் படி எடுக்கவில்லை. பிறகு கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவனிடம் போனேன். நட்சத்திரத் திருப்புளி போட்டுத் திறந்தால், உள்ளே தட்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, என் முகம் தெரிந்தது. "நாலு ஓட்டை போட்டுடலாங்களா சார்?" என்றான். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் மிஞ்சுமே என்றேன். கிரைண்டிங் சக்கரத்தில் பிடித்து இரண்டு பக்கமும் மேல்பூச்சு போகிற வரை தேய்த்தான். என்ன இதில் என்று அவன் கேட்கவில்லை, அவனைப் பற்றிய குறிப்பும் அதில்தான் இருந்தது. காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டான்.

போட்டோ வேண்டுபவர்கள் வருடத்தைச் சொல்லி எனக்குத் தனியாக எழுதுங்கள். 2006-ஆம் வருட வகுப்பு போட்டோ மட்டும் என்னிடம் இல்லை, யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

இன்னொன்று. அந்த மாணவிக்குத் திரும்பி வராத இரண்டு பதிவும் படுகளம் பகுதி. 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கிய கனடா நாட்டு ப்ரெண்டா பெக் இதே கதையை டேப்பில் பதிவு செய்தார், அது இன்றும் இருக்கிறது. ஆனால் அது வேறு பாடகர்களின் குரல். கோபி, நம்பியூர், சத்தியமங்கலம் பக்கம் 2019-க்கு முன்னால் அண்ணன்மார் கோயில் நோம்பியில் படுகளத்தன்று யாராவது போனில் எடுத்திருந்தால், பழைய போனைக் கடையில் போடுவதற்கு முன் ஒரு தடவை தேடிப் பாருங்கள். குரலைக் கேட்டால் அவள் அடையாளம் சொல்லிவிடுவாள்.